கேட்டுக்கு வெளியே நிற்கும் சாமி

கிரீன் வேலி, சிட்னி
ஜூலை 19, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ரோனிஷா தீதிக்கு,

ராம் ராம். பிரனீதா எழுதுகிறேன். நீ ஃபிஜியிலும் நான் இங்கேயும் இருந்த காலத்தில் நாம் மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொள்வோம். உனக்குப் பன்னிரண்டு வயதானபோது மாமா உங்களை எல்லாம் லௌதோகாவிலிருந்து வரவழைத்து எங்கள் பக்கத்துத் தெருவிலேயே வீடு பிடித்தார். அத்தோடு கடிதம் நின்றது. நீ மெல்போர்னுக்குப் படிக்கப் போன பிறகும் போனிலேயே ஓடிவிட்டது. இப்போது போனில் பேசினால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். மெசேஜ் அனுப்பினால் நீ ஒரு இதயப் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் காகிதம்.

அம்மா சுமாராக இருக்கிறாள். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது. கையில் ஊசி போடும் இடம் போன வாரம் வீங்கியிருந்தது, இப்போது பரவாயில்லை. பப்பா லாரியோடு பிரிஸ்பேன் போயிருக்கிறார். எனக்குத் தனியாகக் கார் ஓட்ட லைசென்ஸ் இன்னும் வரவில்லை. மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு உன் அப்பாதான் காரோடு வந்து வாசலில் நிற்கிறார். ஹாரன் அடிக்கமாட்டார். அடித்தால் அம்மா அவசரமாக எழுந்து தலை சுற்றிவிடும் என்று மாமாவுக்குத் தெரியும். மாமாவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மற்ற நாட்களில் நான் வழக்கம்போல மிட்டாய்க் கடையில் குல்குலா பொரிக்கப் போகிறேன்.

புதன்கிழமை மாமா, செவ்வாய்தோறும் கூடி ராமாயணம் படிக்கும் நம் மண்டலியின் வாட்ஸப் குழுவில் உன் வீடியோவைப் போட்டார். “எல்லாரும் பாருங்க, நம்ம ரோனிஷா மெல்போர்ன் மாநாட்டுல பேசிருக்கா” என்று எழுதி, வரிசையாகக் கைகூப்புப் படங்கள். நானும் அம்மாவும் டயாலிசிஸ் நாற்காலியில் ஆளுக்கு ஒரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்த்தோம். நீ அம்மா கொடுத்த மாம்பழ நிறப் புடவையைக் கட்டியிருந்தாய். “எவ்ளோ அழகா இருக்கா பாரு” என்றாள் அம்மா. உனக்குப் பின்னால் ‘மேற்கு நாடுகளில் நம் மதத்தின் நாளை’ என்று பெரிய பலகை. உனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் டாக்டர்கள், பேராசிரியர்கள். அவர்களுக்கு நடுவில் நீ நிற்பதைப் பார்த்து ஒலியைக் கூட்டினேன். அந்த நிமிடம் வரைக்கும் எனக்குப் பெருமைதான்.

பிள்ளைகள் நம்மை விட்டுப் போகிறார்கள் என்று சொன்னாய். கராஜில் உட்கார்ந்து நங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்கும் பெரியவர்களுக்குப் பிள்ளைகளின் கேள்வி காதில் விழுவதில்லை என்றாய். அது உண்மைதான். சுக்ராஜ் மாமா மூன்று சிரட்டை உள்ளே போய் நாக்கு மரத்துவிட்டால் டோலக்கைக்கூடத் தூங்கிக்கொண்டே அடிப்பார். அம்மா சிரித்துவிட்டாள். நர்ஸ் வந்து என்ன என்று பார்த்துவிட்டுப் போனாள்.

அப்புறம் ஆறாவது நிமிடம் வந்தது. இரண்டு நாளில் பதினோரு தடவை பார்த்துவிட்டேன், அதனால் நிமிடம் தெரியும். நீ மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டு சொன்னாய்:

“எனக்கு ஒரு கசின் இருக்கா. பதினாறு வயசுல ஸ்கூல விட்டுட்டா. ராமாயணப் போத்தியத் தொறந்தா பக்கம் பக்கமா பாடுவா. குரல் அவ்ளோ இனிமை. ஆனா ஒரு வரிக்கு அர்த்தம் கேளுங்க, தலையக் குனிஞ்சுக்குவா. நம்ம மதம் இங்க எப்படி சாகும்னு கேட்டா, நான் அவளத்தான் காட்டுவேன். அழகாப் பாடிக்கிட்டே சாகும், ஒண்ணும் புரியாம.”

கூட்டத்தில் யாரோ ‘ச்சு ச்சு’ என்றார்கள். அது வீடியோவில் கேட்கிறது.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். அழுதுவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அடுத்து நீ, “நான் எங்க சிட்னிப் பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லுவேன் தெரியுமா?” என்று ஆரம்பித்து ஓடக்காரன் கதையைச் சொன்னாய். ஸ்கூல் கேட் வாசலில் எச்சிலைத் தொட்டுப் பொட்டை அழிக்கும் பெண், சாமி கோபித்துக்கொள்வாரா என்று அவள் கேட்பது, அதற்குப் பதில், எல்லாம் அப்படியே. எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கேமரா காட்டியது.

அந்தப் பெண் ஆர்வி. அவளுக்கு எட்டு வயது. போன பிப்ரவரியில், மண்டலி நடக்கும் உங்கள் வீட்டுக் கராஜில், வாஷிங் மெஷின் பக்கத்தில் பிள்ளைகளோடு நான் உட்காரும் மூலையில், அவள் அதை என் காதில் சொன்னாள். நெற்றியில் இருப்பது ரத்தமா என்று வகுப்பில் கேட்கிறார்களாம். அதனால் தினமும் கேட் வாசலில் அழித்துவிட்டுத்தான் உள்ளே போகிறாளாம். “சாமி என்னை விட்டுட்டுப் போயிடுமா தீதி?” என்று கேட்டாள்.

அன்றைக்குப் பெரியவர்கள் படித்துக்கொண்டிருந்தது ராமர் ஆற்றைக் கடக்கும் இடம். காலைக் கழுவாமல் படகில் ஏற்றமாட்டேன் என்று ஓடக்காரன் சொல்கிறான். ராமரின் காலடி மண் பட்டுக் கல்லே பெண்ணானதென்று கேள்விப்பட்டிருக்கிறான், தன் மரப்படகும் அப்படி ஆகிவிட்டால் பிழைப்புப் போய்விடுமே. எல்லோரும் அவனைக் கெட்டிக்காரன் என்பார்கள், காலைக் கழுவும் பாக்கியத்துக்காக அப்படிச் சாக்குச் சொன்னான் என்பார்கள். எனக்கு அவன் பயந்தவனாகத்தான் தெரிந்தான். நானும் பயப்படுகிறவள் இல்லையா? அதனால் ஆர்வியிடம் சொன்னேன்: “அவன் பயந்துட்டான்மா. சாமியையே கொஞ்சம் நில்லுன்னு சொல்லிட்டான். சாமி கோவிச்சுக்கல. சேத்துல நின்னுக்கிட்டே இருந்தாரு. உனக்காகவும் கேட்டுக்கு வெளிய நிப்பாரு. மூணு மணிக்கு பெல் அடிச்சதும் நீ வெளிய வா, பொட்ட வெச்சுக்க, ரெண்டு பேருமா வீட்டுக்குப் போங்க.” அன்றிலிருந்து அவள் அம்மாவின் காரில் ஒரு சின்னக் குங்கும டப்பா இருக்கிறது.

இதை உனக்கு யார் சொன்னார்கள்? நான்தான். பிப்ரவரியில் நீ அழுதுகொண்டே போன் பண்ணினாய். “பிரனீ, இங்க செவ்வாய்க்கிழமை வந்தா எனக்கு மூச்சு முட்டுது. நீ பிள்ளைங்களுக்குச் சொல்றத எனக்கும் சொல்லேன், ரெக்கார்ட் பண்ணி அனுப்பேன்” என்றாய். ஒவ்வொரு மண்டலி முடிந்த பிறகும் வீட்டில் துணி துவைக்கும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா முழிக்காமல் மெதுவாகப் பேசி அனுப்பினேன். பத்தொன்பது வாரம். உனக்கு வீட்டு ஏக்கம் என்று நினைத்துத்தான் அனுப்பினேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன வருடம் ராம நவமிக்கு வந்த பண்டிதர் எல்லோர் முன்னாலும் என்னிடம் அர்த்தம் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து சால்வைக்கு அடியில் என் கையைப் பிடித்தது நீதான். “விடு. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்” என்று காதில் சொன்னதும் நீதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அடுத்த செவ்வாய்க்கிழமையே பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தேன். அப்போது நான்கு பேர். இப்போது ஒன்பது பேர்.

வீடியோ முடிந்ததும் அம்மா ஒயரைக் காதிலிருந்து எடுத்துச் சுருட்டினாள். மீதி மூன்று மணி நேரமும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, “அவ என் அண்ணன் பொண்ணு” என்று மட்டும் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எனக்கு அர்த்தம் தெரியும், தீதி.

நீ தலைகுனிபவள் என்று காட்டியது என்னை. கை தட்டல் வாங்கியது என் வார்த்தைக்கு. இரண்டும் ஒரே ஆள் என்று உனக்கு மேடையில் ஒரு நொடிகூடத் தோன்றவில்லையா?

பதில் எழுது. இதயம் போடாதே. பரீட்சை நன்றாக எழுது, சாப்பிடாமல் இருக்காதே.

இப்படிக்கு,
பிரனீதா


கிரீன் வேலி
ஆகஸ்ட் 2

ரோனிஷா தீதிக்கு,

உன் பதில் வந்தது. கடிதமாக எழுதுவாய் என்று தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நாலு நிமிடம் பேசி அனுப்பிவிட்டாய். பரவாயில்லை, உனக்கு வேலை இருக்கும்.

நீ சொன்னதை எல்லாம் யோசித்துப் பார்த்தேன். “நான் உன் பேரச் சொல்லவே இல்லையே, யாருக்குத் தெரியும்?” என்றாய். பேர் சொல்லவில்லைதான். ஆனால் மண்டலியில் பதினாறு வயதில் ஸ்கூலை விட்ட உன் கசின் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மிட்டாய்க் கடையில் என்னோடு பொரிக்கும் பத்மா மௌசி வியாழக்கிழமையே வந்து, “கவலப்படாதம்மா, அர்த்தம் எல்லாம் மெல்ல மெல்ல வரும்” என்று என் முதுகைத் தட்டினாள். நல்லெண்ணத்தில்தான் தட்டினாள். எண்ணெயில் இருந்த குல்குலா எல்லாம் கருகிப்போனது.

“கதை யாருக்கும் சொந்தமில்ல பிரனீ, அது நம்ம எல்லாருக்கும் சொந்தம்” என்றாய். அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஓடக்காரன் என்னுடையவன் இல்லை. நீ எல்லா ஊரிலும் போய் அவனைப் பற்றிச் சொல், நான் சந்தோஷப்படுவேன். ஒன்றும் புரியாதவள் என்று ஒருத்தியைக் காட்டினாயே, அவளைத்தான் நான் கேட்கிறேன். அவளும் எல்லோருக்கும் சொந்தமா?

ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். உன் குரல் சின்னதாகிவிட்டது அங்கே. “எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாம் சமஸ்கிருதமா கொட்டுறாங்க. எனக்குப் பயமாயிடுச்சு. சொந்தமாச் சொல்ல என்கிட்ட ஒண்ணுமே இல்ல பிரனீ. நீ அனுப்பினதுதான் இருந்துச்சு.” அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? நீ அன்றைக்கே போன் பண்ணி, “பிரனீ, நான் இத எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டிருந்தால், எடுத்துக்கோ என்றுதான் சொல்லியிருப்பேன். நான் உன்னிடம் எதற்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்?

ஆனால் அதற்குப் பிறகும் அரை நிமிடம் பேசினாய். கோயில் கமிட்டி உன் வீடியோவைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பிக்கிறது, பாடத்திட்டம் எழுத உன்னைக் கேட்டிருக்கிறார்கள், அதனால் என் நோட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றாய். “சீக்கிரம் அனுப்பு, கடைசிப் பக்கத்துல நன்றின்னு போட்டு உன் பேரும் வரும்” என்றாய்.

அந்த நோட்டு என்ன என்று உனக்குத் தெரியும். அம்மாவுக்கு ரத்தம் சுத்தம் ஆகும் நான்கு மணி நேரமும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுதியது. ஒரு பக்கம் பாட்டு, பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஆங்கில எழுத்தில். எதிர்ப்பக்கம் அவர்கள் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும். சில இடத்தில் பதில் இல்லை, வெற்றிடமாக இருக்கும். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போதைக்கு அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஞாயிறு வகுப்புக்கு ஃபாரம் கொடுத்துவிட்டார்கள். சான்றிதழ் வாங்கிய ஆசிரியர்கள், புரொஜெக்டர், வகுப்பு முடிந்ததும் ஜூஸ். நல்லதுதான், பிள்ளைகள் கற்றுக்கொண்டால் சரி. ஆனால் ஞாயிறு போகிறவர்களுக்குச் செவ்வாய் எதற்கு என்று பெற்றோர் நிறுத்திவிட்டார்கள். ஒன்பது பேரில் இந்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ ரொம்பக் கஷ்டப்படாத பொண்ணு. இனிமே பாட்டு மட்டும் படி. பிள்ளைங்கள அவங்க பார்த்துக்குவாங்க. மாமிக்குக் கிச்சன்ல ஒரு கை ஒத்தாசை பண்ணு, போதும்” என்றார். பாசமாகத்தான் சொன்னார். என் தட்டில் இன்னொரு பூரியும் வைத்தார்.

வந்த இரண்டு பேரில் ஆர்வி ஒருத்தி. ஞாயிறு வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அவள் வீட்டில் அடம் பிடிக்கிறாளாம். “அங்க வாஷிங் மெஷின் இல்ல” என்கிறாளாம். அவள் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

தபாலில் எழுது, தீதி. உன் கையெழுத்தைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது.

பிரனீதா


கிரீன் வேலி
ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ரோனிஷா தீதிக்கு,

ராம் ராம்.

போன இரண்டு கடிதத்திலும் உன்னைக் கேள்வி கேட்டேன். இந்தத் தடவை நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா அங்கேயே இருந்தாள், அதனால் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை மண்டலிக்குக் கோயில் கமிட்டிச் செயலாளர் வந்தார். ஞாயிறு வகுப்பைப் பற்றி அறிவிக்க வேண்டுமாம். மாமா வரவேற்பறையில் இருந்த பெரிய டிவியை இரண்டு பேரை வைத்துத் தூக்கிவந்து கராஜில் மாட்டியிருந்தார். தரை முழுக்க ஒயர் ஓடியது. “போத்திக்குப் பக்கத்துல டிவியா? இன்னிக்கு ரக்பி மேட்ச் போடுவீங்களா?” என்று சுக்ராஜ் மாமா கேட்டார். “சும்மா இருடா, என் பொண்ணு பேசறா” என்றார் மாமா. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ ஃபிஜியிலிருந்து வந்த அன்று ஏர்போர்ட்டில் நின்றாரே, அந்த முகம்.

விளக்கு ஏற்றியாகிவிட்டது. பீடத்தில் போத்தியைத் திறந்து வைத்திருந்தேன். நான் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், படிப்பதற்குத் தயாராக. அம்மா பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் கையில் கட்டோடு. நாற்பது பேர் இருக்கும். வீடியோ ஓடியது. ஆறாவது நிமிடம் வந்தபோது நான் போத்தியின் ஓரத்தில் இருந்த எண்ணெய்க் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது பேரும் என்னைப் பார்க்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது முதுகில் தெரிந்தது.

அப்புறம் கேட் கதை. பாதியிலேயே ஆர்வி எழுந்து நின்றுவிட்டாள். கூச்சமே இல்லாமல் கையை நீட்டி, “அது நான்! அது என் கதை! பிரனீதா தீதி எனக்குச் சொன்னது!” என்று கத்தினாள். அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தன்னுடைய கதை டிவியில் வருகிறது என்று குதித்தாள்.

மாமா வீடியோவை நிறுத்தினார். ஆர்வியின் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து, “ஏய், உக்காரு. பெரியவங்க முன்னாடி பொய் சொல்லாத” என்றாள். மாமா சிரித்துக்கொண்டே, “இல்லடா குட்டி, அது ரோனிஷா தீதி சொன்னது. அவகிட்ட கேட்டுத்தான் இந்தத் தீதி உனக்குச் சொல்லிருக்கும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “என்ன பொண்ணு, அப்படித்தானே?”

தீதி, நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். செயலாளர் பக்கத்தில் நிற்கிறார். காலை ஆறு மணிக்கு ஹாரன் அடிக்காமல் வந்து நிற்கும் மனிதர் அவர். அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஆர்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம்தான் பேசுவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“ஆமா மாமா. ரோனிஷா தீதி சொன்னதுதான்” என்றேன்.

அந்தக் கராஜில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. “அடேங்கப்பா, பிரனீதாவுக்குச் சத்தம் வருதுப்பா! இனிமே மைக்கே வேணாம்” என்று சுக்ராஜ் மாமா டோலக்கை ஒரு தட்டுத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மூச்சு விட இடம் கிடைத்த மாதிரி சிரித்தார்கள். வீடியோ மறுபடியும் ஓடியது. கை தட்டினார்கள்.

ஆர்வி அழவில்லை. நின்ற இடத்திலேயே சட்டைக் கையால் நெற்றியைத் தேய்த்தாள். பொட்டு போகும்வரை தேய்த்தாள். அங்கே கேட் எதுவும் இல்லை, தீதி. ஸ்கூல் இல்லை, கேலி பண்ணும் பிள்ளைகள் இல்லை. விளக்குக்கும் போத்திக்கும் முன்னால் நின்று அழித்தாள். அதற்குப் பிறகு நான் இரண்டு மணி நேரம் படித்தேன். நன்றாகப் படித்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். எந்தப் பக்கம் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. நீ மேடையில் சொன்னது அன்றைக்குத்தான் உண்மையானது.

நேற்று அவள் அம்மா மிட்டாய்க் கடைக்கு வந்தாள். காலையில் பொட்டு வைக்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறாளாம். செவ்வாயும் வேண்டாம், ஞாயிறும் வேண்டாம் என்கிறாளாம். “எல்லாமே சும்மா சொல்றீங்க, சாமி அங்க நிக்கல” என்றாளாம். “பிள்ளைங்கதானே, ரெண்டு நாள்ல மறந்துடும்” என்று சொல்லி அரை கிலோ பர்ஃபி வாங்கிக்கொண்டு போனாள்.

வேலை முடிந்ததும் நான் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். நானாக ஒரு வீட்டு மணியை அடித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஆர்வி அறைக் கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, “ஆர்வி, நீ சொன்னதுதான் நிஜம். அத உனக்குச் சொன்னது நான்தான்” என்றேன். அப்புறம், “அப்போ அன்னிக்கு போத்தி முன்னாடி ஏன் பொய் சொன்னீங்க?” என்றாள். என் நோட்டில் இந்தக் கேள்விக்கு எதிரிலும் வெற்றிடம்தான். “இப்போ சொல்றதுதான் பொய்யோ என்னமோ” என்றாள். எட்டு வயதுப் பெண் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பெரியவர்கள் மாதிரி, களைப்பாகச் சொன்னாள்.

இனிமேல் நான் என்ன சொன்னாலும் அவளிடம் அது எடுபடாது. நான் ஒரு தடவை ஒன்று சொல்லி, மறு தடவை இன்னொன்று சொன்னவள். உன்னால்தான் முடியும். டிவியில் பார்த்தவளே வந்து சொன்னால் அவள் நம்புவாள்.

திங்கட்கிழமை கிருஷ்ண அஷ்டமி ஆரம்பம். எட்டு நாளும் சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் வீட்டுக் கராஜில்தான். இந்தக் கடிதம் புதன்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். அப்போதும் ஐந்து நாள் மிச்சம் இருக்கும். ஒரு நாள் வா. மேடை வேண்டாம், மைக் வேண்டாம். மாமாவிடம் எதையும் சொல்ல வேண்டாம், அவர் அந்தப் பெருமையோடு இருக்கட்டும். மண்டலியில் யாரிடமும் என் பேரைச் சொல்ல வேண்டாம். கமிட்டிக்கு எழுத வேண்டாம். ஆர்வி வீட்டுக்கு மட்டும் போய், அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, “நீ பொய் சொல்லல” என்று மூன்று வார்த்தை சொல். அவ்வளவுதான்.

நோட்டைப் படம் எடுக்கவில்லை. பழைய துணியில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன். நீ அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிவிட்டு வெளியே வந்தால், உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். முழு நோட்டும். உன் பேரையே போட்டுக்கொள். கடைசிப் பக்கத்தில் நன்றியும் எனக்கு வேண்டாம்.

வரமுடியாது என்றால் அதையாவது கையால் எழுதி அனுப்பு.

அம்மா உனக்கு ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள். புடவையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள், தண்ணீரில் நனைத்தால் சாயம் போகுமாம். நீ நன்றாக இருக்க வேண்டும், பெரிய படிப்பெல்லாம் படிக்க வேண்டும் என்று இன்றைக்கும் விளக்கின் முன்னால் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

எட்டு நாளும் நான் உங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பேன். உள்ளே படிக்கக் கூப்பிட்டால் போவேன், முடிந்ததும் வந்து நிற்பேன். சாமி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான்தான். ஆனால் நான் சாமி இல்லை, தீதி. எனக்குக் கால் வலிக்கும்.

உன் தங்கை,
பிரனீதா